ஆலாங்காட்டுக் கும்மிக்கு ஜெயப்பிரியா படம் ஓட்டியது

நான்கு முறை தட்டினாள். மயில் துள்ளியது. ஆனால் கால் நொடி பிந்தித் துள்ளியது.

மறுபடி நான்கு. இப்போது சரி. மேடைக்குப் பின்னால் எல்இடி திரைச் சுவர், பதினாறடி அகலம், பத்தடி உயரம், அதன் நடுவில் மயில். கீழே மண் தரையில் இருநூற்றுப் பத்துப் பெண்கள் ஒரே பச்சைச் சேலையில் சுற்றி வந்து கை தட்டினார்கள். கை சேரும் இடத்தில் தோகை விரிந்தது. கை பிரியும் இடத்தில் சுருங்கியது. ஜெயப்பிரியாவின் ஆள்காட்டி விரல் பித்தானை விட்டு எழவில்லை. மேசைக்கு அடியில் அவளுடைய இரண்டு கால்களும் அவளைக் கேட்காமல் கும்மியடித்துக்கொண்டிருந்தன.

"பாடறவரு வேகம் கூட்டறாருண்ணா," என்றாள்.

"கூட்டட்டும். நீ பின்னாலயே போ," என்றார் தீனதயாளன். அந்த எல்இடி சுவர் அவருடையது. ஜெனரேட்டரும் அவருடையது. மேசை, மேசை மேல் லேப்டாப், அதன் பக்கத்தில் பித்தான்களும் குமிழ்களும் வைத்த சிறு பலகை, எல்லாம் அவருடையவை. விரல் மட்டும் ஜெயப்பிரியாவுடையது.

மைக்கைப் பிடித்துப் பாடிக்கொண்டிருந்தவர் சின்னண்ணன். வள்ளி கும்மி ஆசிரியர். ஓர் ஊருக்குப் போய் இரண்டு மாதம் சாயங்காலங்களில் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்து, பிறகு ஊரைக் கூட்டி அரங்கேற்றுவார். இன்று ஆலாங்காடு. வையப்பமலைக்கு இந்தப் பக்கம், கோயில் திடல், ஞாயிற்றுக்கிழமை, மாலை ஆறரை மணி. பாட்டில் வள்ளி தினைப்புனம் காக்கப் புறப்பட்டுவிட்டாள். ஜெயப்பிரியா தினைக்கதிர்ப் படத்தை லேப்டாப்பில் இரண்டாவது வரிசையில் ஏற்றி, மயிலின் மேல் மெல்லக் கலந்தாள். கதிர்களுக்கு நடுவே மயில் நின்றது. கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். 

இது அவளுடைய முதல் மேடை. தீனதயாளன் கிளம்பும்போதே வண்டியில் சொல்லிவிட்டார்.

"இங்க பாரு ஜெயா. ஒரே ஒரு மேடை. சரியா வந்துச்சுன்னா பங்குனி வரைக்கும் டேபிள் உன்னுது. சொதப்புச்சுன்னா கோயமுத்தூர்க்காரன் ரெடியா இருக்கான், அவன்கிட்டப் பேசிடுவேன். அப்புறம் அழக்கூடாது."

"நான் எதுக்கண்ணா அழறேன்?"

"நான் அழுவேன்ல."

அவளுக்கு அந்த மேசை வேண்டும். ஏன் என்று கணவன் தனபால் ஒருமுறை கேட்டான். யோசித்துப் பார்த்துவிட்டு, "படம் ஓடுதுல்ல, அதான்," என்றாள்.

*

ஜெயப்பிரியாவுக்கு முப்பத்தெட்டு வயது. சேலம் அம்மாபேட்டையில் பிறந்தாள், அம்மாபேட்டையில் கட்டிக்கொண்டாள். பிறந்த வீட்டிலிருந்து புகுந்த வீட்டுக்கு நடந்தால் ஏழு நிமிடம். பன்னிரண்டாவது முடித்ததும் தெருமுனை டிசைன் சென்டரில் சேர்ந்தாள். சேலைக்கு வேண்டிய பூ, கொடி, மாங்காய், மயில் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து தறிக்குக் கொடுக்கும் இடம். பத்தொன்பது வருடங்களில் எத்தனை மயில் வரைந்தாள் என்று அவளிடம் கணக்கு இல்லை. அவற்றில் ஒன்றாவது நகர்ந்ததில்லை.

கல்யாணச் சேலை முந்தானையில் மணமக்கள் பெயர் போடுவதும் அவள் வேலை. அவள் பெயர் போட்டுக் கொடுக்கும் தறிகளில் சேலை கவிழ்ந்துதான் நெய்யப்படும். நெய்பவர் பார்ப்பது பின்பக்கம். ஆகவே எழுத்தை முழுவதும் வரைந்த பிறகு இடவலமாகத் திருப்பிச் சேமிக்க வேண்டும். இல்லாவிட்டால் கல்யாணத்தன்று மணப்பெண்ணின் பெயர் கண்ணாடிக்குள்ளிருந்து பார்ப்பதுபோல் இருக்கும். திருப்பிய எழுத்தை அந்தத் தெருவில் எல்லோரும் காலை நாளிதழ் மாதிரிப் படிப்பார்கள். அதை யாரும் ஒரு திறமையாக நினைத்ததில்லை.

டிசைன் சென்டருக்குப் பின்னால் தீனதயாளனின் குடோன். போன ஆடியில் ஒருநாள் அவர் புதிதாக வந்த பேனல்களை முற்றத்தில் அடுக்கிச் சோதித்தார். சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை. ஜன்னல் வழியாகப் பார்த்த ஜெயப்பிரியா சாப்பாட்டு நேரத்தில் இறங்கிப் போனாள்.

"ஒரு பேனல்ல எத்தனை புள்ளிண்ணா?"

"நூத்தி இருபத்தெட்டுக்கு நூத்தி இருபத்தெட்டு. எதுக்கும்மா?"

"அப்ப பத்து பேனல் வச்சா ஆயிரத்து இருநூத்தி எண்பது. எங்க சேலையைவிட அகலம். இதுல மயில் ஓடுமா?"

"எது வேணா ஓடும்."

"பறக்குமா?"

தீனதயாளன் அப்போதுதான் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

ஆவணியில் அவருடைய ஆபரேட்டர் சந்திரசேகர் கல்யாணம் செய்துகொண்டு மாமனார் ஊரிலேயே தங்கிவிட்டான். அவன் விட்டுப்போன லேப்டாப்பை ஜெயப்பிரியா பழகுவதற்கென்று வாங்கி வந்தாள். உள்ளே படம் கலக்கும் மென்பொருள் இருந்தது. திறந்தால் திரை முழுக்கக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துண்டுப் படம் வைக்கலாம். கட்டத்தைத் தொட்டால் ஓடும். மேல் வரிசையில் இருப்பது கீழ் வரிசையின் மேல் விழும். மேலே கருப்பாக இருக்கும் இடத்தில் கீழே இருப்பது தெரியும். எல்லாவற்றையும் பாட்டு நடக்கும்போதே, பாட்டுக்கு ஏற்றபடி, கையால் மாற்றலாம். அவளுக்குக் கட்டங்களைப் பார்த்ததும் புகுந்த வீட்டுக்குப் போன மாதிரியே இல்லை. ஏழு நிமிட நடைகூட இல்லை, பிறந்த வீடேதான்.

முதல் மூன்று நாள் ஒன்றும் வரவில்லை. கேபிளை டிவியில் செருகினாள், எடுத்தாள், திருப்பிச் செருகினாள். லேப்டாப்பில் மயில் ஓடியது, டிவி கருப்பாகவே இருந்தது. இணையத்தில் ஒரு வெள்ளைக்காரர் நம்மூர் ஆள்போலத் தலையாட்டிக்கொண்டு விளக்கும் வீடியோவை ஒன்பது முறை பார்த்தாள். நான்காம் நாள் காலை, பல் துலக்கும்போது, வாயில் நுரையோடு ஓடிவந்து பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. படம் எவ்வளவு தெரிய வேண்டும் என்று சொல்லும், இழுத்து நகர்த்தும் ஒரு குறுங்கோடு பூஜ்யத்தில் கிடந்தது. அதை மேலே தள்ளினாள். டிவி முழுக்க மயில். பேஸ்ட்டை விழுங்கிவிட்டாள்.

தனபால் டவுன் பஸ் கண்டக்டர். சூரமங்கலம் வழித்தடம். அவனுடைய பஸ்ஸின் முன் கண்ணாடி வழியே எடுத்த ஒரு வீடியோவைக் கீழ் வரிசையில் போட்டு, அதன் மேல் தான் வரைந்த கரைக்கொடியை ஓடவிட்டாள். செவ்வாய்ப்பேட்டைச் சந்து முழுக்கத் தங்கக் கொடி படர்ந்தது. ஆட்டோக்கள் இலைகளுக்குள் புகுந்து புறப்பட்டன.

தனபால் சோற்றுத் தட்டோடு நின்று பார்த்தான். "ஏன் புள்ள, இந்த ரூட்டுல எனக்கு டூட்டி போடச் சொல்லேன்," என்றான்.

*

சின்னண்ணன் அரங்கேற்றத்துக்கு ஒரு வாரம் முன்பு குடோனுக்கு வந்திருந்தார். அவருக்கு ஒரே ஒரு கோரிக்கை இருந்தது.

"ஏனுங் அம்மிணி, நெருப்பு மட்டும் வேண்டாமுங்க. போன வருசம் பரமத்திப் பக்கம் ஒரு மேடையில, வள்ளி தினைப்புனம் காக்கறா, பொறத்தால ஒருத்தர் நெருப்பா எரிய உடறாருங்க. நான் பாடறனா, தீயணைப்பு வண்டியைக் கூப்புடறனான்னு எனக்கே சந்தேகமாப் போச்சுங்க. தினை மிஞ்சுமுங்களா?"

"நெருப்பே வெக்கலைங்க. பூவும் பட்சியுந்தான்."

"அது போதுமுங் சாமி. இன்னொண்ணு. நடுவுல பெரியவங்களுக்குப் பொன்னாடை போடுவாங்க. அப்ப அவங்கவங்க பேரு பெருசா உழுகோணும். பேருதான் முக்கியமுங்க. கும்மியில தப்புனாக்கூட மன்னிச்சுப் போடுவாங்க."

பதினாறு பெயர். சனிக்கிழமை சாயங்காலம், டிசைன் சென்டரில், வேலை முடிந்த பிறகு, பதினாறு அட்டைகளையும் செய்தாள். நாலு பக்கமும் தாமரைக் கரை, நடுவில் தங்க எழுத்து. செய்து முடித்ததும் கை வழக்கமாகச் செய்யும் கடைசி வேலையையும் செய்தது. சேமித்தாள். விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

*

ஏழேகாலுக்கு முதல் இடைவேளை. பெண்கள் வட்டத்திலேயே உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள். விழாக்குழுத் தலைவர் குழந்தைவேல் மேடையேறினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் பெரிய போன். பொன்னாடை தோளில் விழுந்த நொடியில் ஜெயப்பிரியா பித்தானைத் தொட்டாள். சுவர் முழுக்கத் தாமரை. நடுவில் தங்க எழுத்து. மிகச் சுத்தமாக வந்தது. அவள் நாற்காலியில் சாய்ந்தாள்.

கூட்டம் சுவரையே பார்த்தது. பிறகு முணுமுணுத்தது. பிறகு முன் வரிசையில் ஒருவர் கழுத்தைச் சாய்த்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும் சாய்த்தார். கொஞ்ச நேரத்தில் ஆறு வரிசையும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தது.

"ஏனுங்க, இது என்ன பாசைங்க?" என்று ஒரு குரல்.

"தெலுங்காட்டம் இருக்குதுடா."

"நம்ம குழந்தைவேலண்ணன் எப்படா தெலுங்குக்காரரானாரு?"

ஜெனரேட்டர் பக்கத்திலிருந்து தீனதயாளன் ஓடிவந்தார். கையில் டீ. பாதி டீ.

"ஜெயா! எழுத்து!"

"நல்லா வந்திருக்குல்லண்ணா?"

"படி அதை!"

அவள் சுவரைப் பார்த்தாள். "விழாக்குழுத் தலைவர் திரு. குழந்தைவேல் அவர்கள்," என்று தடங்கல் இல்லாமல் படித்தாள்.

தீனதயாளன் சுவரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "எப்பிடிம்மா படிக்கிற?"

"கண்ணாலதான்."

"எனக்கு ஒரு எழுத்தும் தெரியலையே!"

"கண்ணாடி போடுங்கண்ணா."

"எனக்குக் கண்ணாடியா? கண்ணாடிக்குள்ளதான் இருக்கு மொத்த எழுத்தும்!"

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. சனிக்கிழமை சாயங்காலம். கை. கடைசி வேலை. பதினாறு அட்டை.  தீனதயாளன் டீயைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தார். அவர் தேடிய பெயர் 'கோ'வில் ஆரம்பிப்பதை அவள் பார்த்தாள்.

திருப்புவதற்கு மென்பொருளில் ஒரு பித்தான் போதும். அந்த வரிசையின் ஓரத்திலேயே இருக்கிறது. அவள் சுட்டியைக் கொண்டுபோவதற்குள் பச்சைச் சேலை வட்டத்திலிருந்து ஒரு பெண் கத்தினாள்.

"இங்க நேராத் தெரியுதுங்!"

சுவருக்கு முதுகு காட்டி செல்ஃபி எடுக்கப் போனைத் தூக்கியிருந்தாள். போன் திரை கண்ணாடிபோலக் காட்டும். அதில் அவள் முகம், முகத்துக்குப் பின்னால் தங்க எழுத்தில் குழந்தைவேல், ஓர் எழுத்துப் பிசகாமல்.

"எங்க, எங்க?"

"திரும்பி நில்லுங், அப்பத்தான் தெரியும்!"

அடுத்த அரை நிமிடத்தில் ஆலாங்காடு திரும்பிக்கொண்டது. பச்சைச் சேலைகள் திரும்பின. நாற்காலிகள் மண்ணில் தேய்ந்து திரும்பின. அறுநூறு பேர் மேடைக்கு முதுகு காட்டி, போனைத் தலைக்கு மேலே தூக்கி, பல்லைக் காட்டிக்கொண்டு, குழந்தைவேலின் பெயரை உரக்கப் படித்தார்கள். மேடையில் பொன்னாடையோடு நின்ற குழந்தைவேலுக்கு ஊரின் முதுகு மட்டும் தெரிந்தது. அவர் முகம் சிவந்தது. மைக் பக்கம் திரும்பினார். பிறகு என்ன நினைத்தாரோ, சட்டைப் பையிலிருந்து தன் பெரிய போனை எடுத்தார். அவரும் திரும்பினார். படித்தார். சிரித்தார்.

இதற்குள் ஜெயப்பிரியா பித்தானை அழுத்திவிட்டாள். எழுத்து நேரானது.

"அய்ய!" என்றது கூட்டம் முழுவதும். பந்தியில் பாதிச் சாப்பாட்டில் இலையை எடுத்துவிட்ட மாதிரி.

முன் வட்டத்தில் அறுபது வயது அத்தாயி எழுந்து நின்றாள். கும்மிக்காகவே இரண்டு மாதம் முட்டிக்குத் தைலம் தேய்த்தவள். "அடியேய், யாருடி அந்த மேசைக்காரி? நானு இப்பத்தான் போனை நேராப் புடிச்சேன். முன்ன மாதிரியே வையி கண்ணு!"

ஜெயப்பிரியா வைத்தாள். ஆரவாரம். "இல்லீங்க, பெரியவரு பேரு, நேரா வையிங்க," என்று விழாக்குழுவில் ஒருவர். வைத்தாள். "அய்ய!" மறுபடி திருப்பினாள். ஆரவாரம்.

சின்னண்ணனுக்கு இருபத்தாறு வருட மேடை. கூட்டம் தானாக ஒரு தாளத்துக்கு வந்துவிட்டால் அதை விடக்கூடாது என்பது அவருக்குத் தெரியும். மைக்கை வாயருகே கொண்டுவந்தார்.

"மேசையில இருக்கற அம்மிணி, என்ற கையைப் பாத்துக்குங்க. அடிக்கு ஒருக்கா திருப்புங்க. நேரா வந்தா நேராப் பாருங்க, திரும்புனா நீங்களும் திரும்பிக்குங்க. ஆரும் பக்கத்தூட்டுக்காரி காலை மிதிக்காதீங்க!"

அவர் கையைத் தட்டினார். தவில்காரர் பிடித்துக்கொண்டார்.

ஜெயப்பிரியா மென்பொருளின் திருப்பும் பித்தானைப் பலகையின் பெரிய பித்தானோடு இணைத்தாள். நான்கு நொடி. இரண்டாம் மாதம் படித்த பாடம். அடி விழுந்தது, தட்டினாள். பெயர் திரும்பியது. இருநூற்றுப் பத்துப் பச்சைச் சேலைகளும் திரும்பின. அடி. பெயர் நேரானது. எல்லோரும் முன்னால். அடி. பின்னால். நாற்காலிக்காரர்கள் எழுந்துவிட்டார்கள். குழந்தைவேல் மேடையில் தனியாக, பொன்னாடை பறக்க, முன்னும் பின்னும் திரும்பிக்கொண்டிருந்தார். சின்னண்ணன் வேகம் கூட்டினார். அவள் பின்னாலேயே போனாள். மயிலை ஏற்றினாள். மயிலும் திரும்பியது. கரைக்கொடியை ஏற்றினாள். கொடி இடமும் வலமுமாக அலைந்தது. ‘வ’னாவும் ‘ல’னாவும் தாமரையும் எது எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஒரே தங்கமாகச் சுழன்றன. அவள் வாய் திறந்திருந்தது. ஏதோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள், தனக்கே கேட்கவில்லை.

தீனதயாளனின் காதில் போன் இருந்தது. மறுமுனையில், "அலோ, அண்ணே, சொல்லுங்க, அலோ, அங்க என்ன சத்தம்?" என்று கோயமுத்தூர்க்காரன்.

தீனதயாளன் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து அடி விழுந்தது. அவரும் திரும்பினார். டீ டம்ளர் கவிழ்ந்தது.

"அப்புறம் பேசறேன்பா," என்றார். "கும்மி அடிச்சிட்டிருக்கேன்."

குழந்தைவேலின் பெயர் பதினொரு நிமிடம் சுவரில் இருந்தது. மீதிப் பதினைந்து பெயர்களையும் அவள் நேராகவே போட்டாள், ஒவ்வொன்றும் ஐந்து நொடி. எட்டரைக்கு வள்ளிக்குக் கல்யாணம் ஆனது. பத்துக்குள் பேனல்களைக் கழற்றி வண்டியில் ஏற்றிவிட்டார்கள். சேலம் வரை தீனதயாளன் ஜெனரேட்டர் டீசல் கணக்கையே பேசிக்கொண்டு வந்தார். மேசையைப் பற்றி அவள் கேட்கவில்லை. அவளுடைய விரல் மடியில் தட்டிக்கொண்டே வந்தது.

*

மறுநாள் திங்கட்கிழமை. ஜெயப்பிரியா ஒன்பதரைக்கு டிசைன் சென்டருக்குப் போனாள். இளம்பிள்ளையிலிருந்து வந்திருந்த ஒரு கட்டம்போட்ட சேலைக்குக் கரை வரைந்தாள். பதினொன்று நாற்பதுக்குத் தீனதயாளன் போன் செய்தார். காலையில் ஆலாங்காட்டிலிருந்து இரண்டு பேர் கூப்பிட்டுக் குறை சொன்னதாகச் சொன்னார். தங்கள் பெயர் நேராக வந்து உடனே போய்விட்டது என்பது குறை. சின்னண்ணன் மீதி மேடைகளுக்கு அவளையே கேட்டிருக்கிறார். பங்குனி வரை ஒன்பது மேடை. மேசை அவளுக்கு. பெயர் அட்டைகளை மட்டும் தீனதயாளன் வேறு இடத்தில் செய்து தருவார், அவள் அவற்றைத் தொடக்கூடாது. அவள் சரி என்றாள். அடுத்தது சனிக்கிழமை, எலச்சிப்பாளையம். வண்டி மூன்று மணிக்குக் கிளம்பும். எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்று கொண்டுவரச் சொன்னார். சாப்பாட்டுக்குப் பிறகு முதலாளியிடம் சனிக்கிழமை அரை நாள் விடுப்புக் கேட்டாள். கொடுத்தார். இரண்டிலிருந்து நாலரை வரை மின்சாரம் இல்லை. ஆறு மணிக்குக் கரையை முடித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.